பிள்ளைத்தமிழ் உண்டு, முதுமைத்தமிழ் எங்கே?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் புறநானூற்றிலிருந்து ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். 243ஆம் பாட்டைப் பற்றி இதே அகமதாபாத்தில் இரண்டு முறை பேசியிருக்கிறேன். பழைய மலர் ஒன்றில் எழுதியும் இருக்கிறேன். அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன். படித்து முடித்ததும் மனசுக்குச் சங்கடமாகப் போயிற்று. பாட்டைத் தப்பாகப் படித்திருக்கிறேன். அன்று கேட்டவர்கள் கைதட்டினார்கள் என்பதால் தப்பு சரியாகிவிடாது. அதைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

பாட்டுக்குப் போகுமுன் ஒரு பெரிய கேள்வியைப் பார்த்துவிடுவோம். மனிதன் பிறந்தது முதல் முதுமை வரை, மற்ற மனிதர்களோடு எப்படிப் பழகிப் பழகி வளர்கிறான்? இதற்கு மேல்நாட்டு உளவியல் ஒரு விடை சொல்கிறது. நம் தமிழ் இலக்கியமும் ஒரு விடை சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டின் குறையும் தெரியும்.

எரிக்சனும் நம் ஊரும்

பி.எட். படித்தவர்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார்கள். எரிக் எரிக்சன் என்ற பெயரை அவர்களுக்கு நினைவிருக்கும். 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தந்தை யாரென்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. வியன்னாவில் அன்னா பிராய்டிடம் பயின்று, 1933இல் அமெரிக்கா போய், 1950இல் ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்ற பொருள்படும் புகழ்பெற்ற நூலை எழுதினார். மனித வாழ்வை எட்டுப் படிகளாக அவர் பிரித்தார்.

பால்குடி வயதில் நம்பிக்கையா, அவநம்பிக்கையா என்பது போராட்டம். நடை பழகும் வயதில் தன் இஷ்டமா, வெட்கமா. விளையாட்டு வயதில் தானே முன்வந்து செய்வதா, குற்றவுணர்வா. பள்ளி வயதில் உழைப்பூக்கமா, தாழ்வு மனப்பான்மையா. வாலிபத்தின் வாசலில் நான் யார் என்ற கேள்வி. பிறகு நெருக்கமா, தனிமையா. நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணுவதா, தேங்கிப் போவதா. எட்டாவதாக முதுமையில், வாழ்ந்த வாழ்வை நிறைவோடு ஏற்பதா, விரக்தியா. இவ்வளவுதான் அந்த அட்டவணை.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1962இல் மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்கு ஒன்றை நடத்த எரிக்சன் அகமதாபாத்துக்குத்தான் வந்தார். அப்போது அவருக்கு வயது 60. வந்த இடத்தில், 1918ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் போராட்டத்தையும் அதில் காந்தியடிகள் இருந்த உண்ணாநோன்பையும் நேரில் அறிந்த பெரியவர்களைச் சந்தித்தார். ஆலை முதலாளிகளின் தலைவராக அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்காள் அனசூயா பென். இந்தக் கதை எரிக்சனை விடவில்லை. 1969இல் ‘காந்தியின் உண்மை’ என்ற நூலாக வந்து, புலிட்சர் பரிசும் பெற்றது. போராட்டத்தின்போது காந்திக்கு வயது 48. பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் தகப்பனாக இருந்தது போதாமல் ஊருக்கே தகப்பனாகும் வயது. எரிக்சன் கணக்கில் ஏழாம் படி. அதே நூலில் காந்திக்கு ஒரு கடிதம் போலவும் எழுதி, தம் வீட்டாரிடம் அவர் காட்டிய கடுமையைக் குறையும் சொல்லியிருக்கிறார்.

இவ்வூரில் எரிக்சனைச் சந்தித்த இளைஞர்களில் ஒருவர் சுதீர் கக்கர். பின்னாளில் பெரிய உளப்பகுப்பாய்வாளரானார்; 2024இல் மறைந்தார். 1978இல் வந்த தம் நூலில் எரிக்சனின் படிகளையும் நம் நாட்டு நான்கு ஆசிரமங்களையும் ஒப்பிட்டிருக்கிறார். நல்ல ஒப்பீடுதான். ஆனால் பிரமசரியம் தொடங்கி சந்நியாசத்தில் முடியும் அந்த வரிசையில் தாய்மடிக் குழந்தைக்கு இடமில்லை. பெண்ணுக்கு இடம் இருக்கிறதா என்றால் அதுவும் சந்தேகம். தமிழ் படித்தவன் பார்வையில் ஒப்பிட வேண்டிய நூல் வேறு.

பத்துப் பருவங்கள்

பிள்ளைத்தமிழ்தான் அது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பாடியது தொடங்கி, குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வழியாக நேற்றைய தலைவர்கள் மீது பாடியது வரை எத்தனையோ வந்துவிட்டன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பிறகு ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். 3ஆம் மாதத்தில் காப்பு என்று தொடங்கி இரண்டிரண்டு மாதம் கூட்டிக்கொண்டே போய் 21ஆம் மாதத்தில் முடிப்பது ஒரு கணக்கு.

இதில் நோக்கத்தக்க விஷயம் ஒன்று. இந்தப் பத்தும் குழந்தை தனியாகச் செய்யும் காரியங்கள் அல்ல. கைகொட்டு என்று ஒருத்தி சொல்ல வேண்டும். முத்தம் கொடு என்று ஒருத்தி கன்னத்தை நீட்ட வேண்டும். வா வா என்று ஒருத்தி கை நீட்டினால்தான் வருகைப் பருவம். கூட விளையாட ஆள் போதாதென்று நிலாவையே கூப்பிடுகிறார்கள். சாம பேத தான தண்டம் நான்கையும் போட்டு மிரட்டிப் பார்க்கிறார்கள். சிற்றிலுக்கு வரும்போது பாடுகிற குரலே மாறிவிடுகிறது. அதுவரை தாயும் செவிலியும் பாடினார்கள். இப்போது தெருவில் மணல்வீடு கட்டும் சிறுமிகள், எங்கள் வீட்டை மிதித்து அழிக்காதே என்று கெஞ்சுகிறார்கள். பிள்ளை வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டான் என்பதைக் கவிஞர் குரல் மாற்றத்திலேயே சொல்லிவிடுகிறார்.

பிள்ளைத்தமிழில் பிள்ளை பேசுவதே இல்லை. சுற்றியிருப்பவர்கள்தான் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். குழந்தைக்குள் என்ன நடக்கிறது என்று எரிக்சன் கேட்கிறார். குழந்தையிடம் யார் பேசுகிறார்கள் என்று நம் புலவர் கேட்கிறார். எரிக்சனும் சுற்றத்தை மறந்தவர் அல்லர். பெரியவர்களின் முதிர்ச்சியும் குழந்தையின் நம்பிக்கையும் ஒன்றையொன்று தாங்குவதாக அவர் எழுதியிருக்கிறார். எட்டும் ஒருமுறை வென்று பையில் போட்டுக்கொள்ளும் பதக்கங்கள் அல்ல என்றும் எச்சரித்திருக்கிறார். ஆனால் பாடப்புத்தகத்தில் அட்டவணையாகச் சுருங்கியபோது அந்தச் சுற்றம் போய்விட்டது. எட்டுப் பரீட்சை, எட்டு மார்க் என்று ஆகிவிட்டது.

நாற்பதோடு நின்ற உலா

இத்தனை அழகாகத் தொடங்கிய நாம் எங்கே நிறுத்தினோம்? 2 வயதுக்குள் பிள்ளைத்தமிழ் முடிகிறது. பிறகு நம்மிடம் உள்ள பருவ இலக்கியம் உலா. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று 5 வயது முதல் 40 வயது வரை ஏழு பருவம். பவனி வரும் தலைவனைப் பார்த்து ஒவ்வொருத்தியும் எப்படி மயங்குகிறாள் என்பதுதான் பொருள். சொல்நயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெண்ணின் வளர்ச்சியை அளக்க இது ஒரு கோலா? அவள் யாரோடு பேசினாள், யாரை வளர்த்தாள் என்ற கணக்கே கிடையாது. 41 வயதானவள் அந்தத் தெருவிலேயே இல்லை! அகப்பாட்டுகளில் செவிலியும் கட்டுவிச்சியும் வருகிறார்களே என்றால், அவர்களும் வேறொருத்தியின் காதலுக்காகத்தான் வருகிறார்கள்.

ஔவையார் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்ற கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழவியின் வாழ்க்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அரசன் முதல் ஆடு மேய்க்கும் பையன் வரை அவளோடு பேசாத ஆள் உண்டா? முதுமை அவளுக்கு இனித்ததற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

அம்மாவின் எட்டு மாதம்

இனி சொந்தக் கதை கொஞ்சம். இது இல்லாமல் என் தப்பை விளக்க முடியாது.

அப்பா காலமான மறு வருஷம், 2018இல், அம்மாவைத் தாமிரபரணிக் கரைக் கிராமத்திலிருந்து இங்கே அழைத்து வந்தோம். அப்போது 76 வயது. ஊரில் வாய் ஓயாத மனுஷி. திண்ணையில் உட்கார்ந்தால் போகிற வருகிற ஆட்களை எல்லாம் நிறுத்தி விசாரிப்பாள். இங்கே மூன்றாம் மாடியில் நல்ல காற்று, தனி அறை, டிவியில் தமிழ் சேனல், வேளாவேளைக்கு மாத்திரை. என் மனைவி தன் அத்தையை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருகட்டத்தில் ‘ஆங்’, ‘வேண்டாம்’ என்ற அளவுக்கு வந்துவிட்டாள்.

காது மந்தமோ என்று டாக்டரிடம் காட்டினோம். பரிசோதனையில் காது சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: “காதெல்லாம் நல்லாத்தான்டா கேக்கு. யாருட்ட பேச?”

பேத்தி இருக்கிறாளே என்பீர்கள். என் மகன் வழிப் பேத்திக்குக் குஜராத்தி வரும், ஹிந்தி வரும், இங்கிலீஷ் வரும். தமிழ் கேட்டால் பாதி புரியும், பேச வராது. அது அவள் குற்றம் இல்லை. இவ்வூரில் இருந்த தமிழ்வழிப் பள்ளியே மாணவர் குறைவு என்று 2020இல் மூடப்பட்டது நமக்குத் தெரியும். ‘ஆச்சி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, மணிநகர்ப் பக்கத்திலிருந்து இட்லி மாவு கொண்டுவரும் அம்மா எங்கள் அடுக்ககப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். அவருடைய மாமனார் காலத்தில் ஆலை வேலைக்காகச் சேலம் பக்கமிருந்து வந்த குடும்பம். அம்மா கதவைத் திறந்து, “தண்ணி குடிக்கியா?” என்றாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இருவரும் எழுந்தார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அம்மா ஆறு மணிக்கே குளித்துத் தலைவாரித் தயாராக இருப்பாள். 2020 ஊரடங்கில் மாவு வரவில்லை, போன் வந்தது.

அந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பேத்தியைக் கூப்பிட்டு, தானாகவே ஒரு கதை சொன்னாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படித்துறை மண்டபத்து மேலிருந்து ஆற்றில் குதித்ததும், அடி மணலை அள்ளி வந்து மற்ற பிள்ளைகளிடம் காட்டியதும். “இவ அப்பன்கிட்ட கேளு, நான் எப்படி நீச்சடிப்பேன்னு” என்று என்னையும் சாட்சிக்கு இழுத்தாள். படித்துறை என்றால் என்ன என்று பேத்தி கேட்டாள். ‘காட்’ என்று நான்தான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போதே எனக்குச் சுரீர் என்றது. இது 243ஆம் பாட்டு அல்லவா!

இரண்டு கிழவர்கள்

பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். இயற்பெயர் தெரியாததால், பாட்டில் வரும் பூண் போட்ட ஊன்றுகோலையே பெயராக்கிவிட்டார்கள். கிழவர் தம் இளமையை நினைக்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது. ஒளிவுமறைவு தெரியாத தோழர்களோடு திரிந்தது. நீர்ப்பக்கம் சாய்ந்த மருதமரக் கிளையேறி, கரையில் நிற்பவர்கள் திகைக்கத் தொப்பென்று குதித்து, ஆழத்து மணலை எடுத்து வந்தது. இன்றோ கோலை ஊன்றி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் முதுமை.

நான் பழைய கட்டுரையில் என்ன எழுதினேன்? உடல் தளர்ச்சியைப் பாடிய பாட்டு, இளமை நிலையாமையை உணர்த்தும் பாட்டு என்று எழுதினேன். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். மறுபடி பாருங்கள். இளமையைச் சொல்லும் ஒவ்வொரு காட்சியிலும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: கைகோத்தவர்கள், கூடத் திரிந்தவர்கள், கரையில் நின்று பார்த்தவர்கள். முதுமையைச் சொல்லும் இடத்தில் ஒரு ஆளும் இல்லை. கோல் மட்டும் இருக்கிறது. அன்று சிறுமியர் கை இருந்த இடத்தில் இன்று கட்டை. கரையில் பார்க்க ஆளில்லை என்றால் கிளையிலிருந்து குதிப்பதில் என்ன இருக்கிறது?

இன்னொரு சான்றும் உண்டு. இப்பாட்டுக்குத் துறை கையறுநிலை. பொதுவாக இறந்தவரை நினைத்துச் செயலற்றுப் புலம்பும் துறை அது. முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளில் மன்னனையோ மனைவியையோ கணவனையோ இழந்தவர்கள் அழுகிறார்கள். இந்தக் கிழவர் யாரை இழந்தார்? இளமையை இழந்தார் என்று நான் எளிதாக விடை சொல்லிவிட்டேன். கூட இருந்தவர்களை இழந்தார் என்றால் துறைக்கும் பாட்டுக்கும் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பாட்டின் முடிவில் அவர் தம்மைப் பன்மையில் சொல்கிறாரே, கூட ஆள் இருக்கலாமே என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் மறுத்தார். தன்மைப் பன்மை ஒருவரையே குறிப்பது சங்கப் பாட்டில் சாதாரணம். அதோடு, பழைய தோழர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கதைக்கு இத்தனை துக்கம் வராது, சிரிப்பல்லவா வந்திருக்கும்!

இதற்கு மறுபக்கம் 191ஆம் பாட்டு. பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே, எப்படி என்று கேட்கிறார்கள். அவர் சொன்ன பதிலில் மருந்து இல்லை, உணவு இல்லை, யோகம் இல்லை. மனைவி குணவதி, மக்களும் நிறைந்தவர்கள், ஏவலர் என் மனம் அறிந்தவர்கள், அரசன் நல்லவன், இவற்றுக்கெல்லாம் மேலே, என் ஊரில் சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்கிறார். வீட்டில் ஆரம்பித்து ஊரில் முடிக்கிறார். எரிக்சன் தம் எட்டாம் படியில் மனிதனுக்குள் தேடிய நிறைவை, இந்தப் பாண்டிநாட்டுப் புலவர் தம் தெருவில் காட்டுகிறார். இரண்டு கிழவர்களுக்கும் இருக்கும் வேறுபாடு உடம்பில் இல்லை. சுற்றி இருக்கிற ஆட்களில் இருக்கிறது.

ஒன்பதாம் படி

எட்டோடு கதை முடியவில்லை. எரிக்சன் 1994இல் காலமானார். அவரோடு கூடவே உழைத்த மனைவி ஜோன், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், கணவரின் நூலுக்கு ஒன்பதாம் படி ஒன்றைச் சேர்த்தார். அது வெளிவந்த 1997இலேயே அவரும் மறைந்தார். எண்பது, தொண்ணூறு வயதில் பழைய எட்டுப் போராட்டங்களும் திரும்ப வருகின்றன, இந்தமுறை கசப்பான பக்கம் முன்னால் நிற்கிறது என்றார் அந்த அம்மையார். தன் காலையே நம்ப முடியாதபோது முதற்படியான நம்பிக்கை மறுபடி கேள்விக்குறியாகிறது. தானே அந்த வயதை வாழ்ந்து பார்த்துச் சொன்னதால் அந்தப் படிக்கு மதிப்பு அதிகம்.

படிகள் திரும்ப வருமானால் பருவங்களும் திரும்ப வரத்தானே வேண்டும்? காப்புப் பருவம் திரும்ப வருகிறது. விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதை நம் வீடுகளில் நன்றாகவே செய்கிறோம், நானும் செய்தேன். ஆனால் காப்போடு நிறுத்திவிட்டேன். வருகைப் பருவமும் உண்டு. வா என்று ஒருவர் கூப்பிட வேண்டும். சப்பாணியும் உண்டு, சொன்ன கதைக்குக் கைதட்ட ஒரு குழந்தை வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய நம் முன்னோர் குழந்தையிடம் ஓயாமல் பேசினார்கள். கிழவர்களிடம் பேச ஒரு பாட்டு வகையை அவர்கள் உண்டாக்கவில்லை. கூட்டுக்குடும்பமும் திண்ணையும் இருந்தவரை அதற்குத் தேவை இல்லாமல் இருந்திருக்கலாம். திண்ணையை விட்டு ரயிலேறி வந்த நமக்குத் தேவை இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

அம்மா 2022 தை மாதம் காலமானாள். அந்த எட்டு மாதத்தை நான் திருப்பித் தர முடியாது. ஆனால் நம் உறுப்பினர் வீடுகளில், ஊரிலிருந்து அழைத்து வந்த அம்மாக்களும் அப்பாக்களும் எத்தனை பேர் மூன்றாம் மாடியில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆண்டு விழாவுக்குச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்து, முதல் வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் பேச நேரம் எங்கே கொடுத்தோம்?

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, சங்கத்தில் ஒரு அறையைப் பெரியவர்களுக்கு விடுங்கள். தலைமையுரை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம், மைக்கும் வேண்டாம். பெரியவர்கள் பேசட்டும். தமிழ் பாதி புரிகிற நம் பேரக்குழந்தைகள் வந்து உட்காரட்டும். மீதிப் பாதி அங்கே புரிந்துவிடும். கார் வைத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் ஏற்றி வாருங்கள்.

அறை கிடைக்கும்வரை என் வீட்டுக் கூடம் இருக்கிறது. காபிக்குக் குறைவிருக்காது. மாவுக்கார அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார்.